மூக்கில்லாத கார்

என் சம்சாரத்துக்கு இளைப்பு உண்டு. இது கல்யாணத்துக்கு முன்னாலேயே எனக்குத் தெரியும். பெண் பார்க்கப் போன அன்றைக்கே மாமனார் என்னைத் தனியே திண்ணைக்குக் கூப்பிட்டு, "பனிக் காலத்துல லேசா சளி புடிக்கும் மாப்ளே, மத்தபடி தங்கம்" என்று சொல்லிவிட்டார். அந்த 'லேசா'வுக்கு முழு அர்த்தம் விளங்க எனக்கு முப்பத்திரண்டு வருஷமும் ஒரு செகண்ட் ஹேண்ட் காரும் தேவைப்பட்டன.

நான் ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். ஊர் மேலநீலிதநல்லூர். "அது எங்கே சார் இருக்கு?" என்று நெற்றியைச் சுருக்குகிறவர்களுக்கு: சங்கரன்கோவில் பக்கம். பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் பெயரில் காலேஜ் இருக்கிற ஊர் என்றால் தென் மாவட்டத்தில் பாதிப் பேருக்குப் புரிந்துவிடும். வானம் பார்த்த பூமி. உளுந்து, மக்காச்சோளம், பருத்தி, மிளகாய் வத்தல் என்று விளைகிற எல்லாமே தூசி கிளப்புகிற சாதி. போதாததற்குக் காற்று. செங்கோட்டைப் பக்கம் மேற்கு மலையில் ஒரு கணவாய் இருக்கிறதல்லவா, ஆனி பிறந்ததும் அதன் வழியாகத் தென்மேற்குக் காற்று புகுந்து வரும். குற்றாலத்துக்காரர்களுக்குச் சாரலைக் கொடுத்துவிட்டு எங்களுக்கு வெறும் காற்றை மட்டும் அனுப்பி வைக்கும். அந்தக் காற்றாலேயே காற்றாலைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். என் சம்சாரத்துக்குத் திண்டாட்டம்.

இளைப்புக்காரி ஒருத்தி வீட்டில் இருந்தால் ஊரில் எல்லோரும் டாக்டர்தான். தூதுவளை ரசம் வை என்பார் ஒருவர். ஆடாதோடை இலையைக் கொதிக்க வை என்பார் இன்னொருவர். ஐதராபாத்தில் ஆனி மாசத்தை ஒட்டி விரால் குஞ்சின் வாயில் மருந்தை வைத்து உயிரோடு விழுங்கக் கொடுக்கிறார்களாமே, அங்கே கூட்டிப் போங்கள் என்று எதிர்வீட்டுக்காரர் ரயில் டைம்டேபிளோடு வந்துவிட்டார். "மீன் குழம்பே ஒத்துக்கிடாதவ, மீனை முழுசா முழுங்குவேனா?" என்று இவள் அவரைத் திருப்பி அனுப்பினாள். எல்லோரும் ஒருமித்துச் சொன்ன விஷயம் ஒன்றே ஒன்றுதான்: "அந்த பம்ப்பை மட்டும் வாயில வச்சிராதீங்க, பழகிரும்!" சோறு கூடத்தான் பழகிவிட்டது, அதை யார் விட்டார்கள்?

2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆன பிறகும் எங்களுக்குப் பெரிய டாக்டர் என்றால் பாளையங்கோட்டைதான். மாசம் ஒரு தடவை பஸ்ஸில் போய் வருவோம். ஜன்னலோரம் உட்கார்ந்தால் தூசி. உள்ளே தள்ளி உட்கார்ந்தால் பக்கத்து ஆளின் பவுடர் வாசனை. சேலைத் தலைப்பை மூக்கில் பொத்திக்கொண்டு இவள் வருவதைப் பார்க்கப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. ரிட்டயர்மெண்ட் பணத்தில் மகள் கல்யாணம் போக மிச்சம் இருந்ததை எண்ணிப் பார்த்தேன். ஒரு கார், அதுவும் ஏ.சி. கார் வாங்குவது என்று முடிவு கட்டினேன். இதில் பாசம் எத்தனை சதவீதம், கார் ஆசை எத்தனை சதவீதம் என்று கேட்காதீர்கள். கணக்கு வாத்தியார்களும் எல்லாக் கணக்கையும் வெளியே காட்டுவதில்லை.

திருநெல்வேலியில் வாங்கினேன். ஏழு வருஷம் ஓடிய கார். வெள்ளை நிறம். வாங்கிய அன்றைக்கே நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் நசுக்கி, பூசணிக்காய் உடைத்து, வேப்பமரத்தடியில் நிறுத்தினேன். டேஷ்போர்டில் ஒரு பிள்ளையார், அவருக்குப் பக்கத்தில் ரோஜா வாசனை வீசுகிற ஒரு ஜெல் டப்பா, கண்ணாடியில் தொங்க மல்லிகைச் சரம். வெள்ளிக்கிழமை தோறும் நான்கு கதவையும் சாத்திக்கொண்டு உள்ளே சாம்பிராணிப் புகை வேறு காட்டுவேன். கார் போடப் போகிற பாட்டுக்கு அப்போதே ராகம் பிடித்திருந்தது. எனக்குத்தான் கேட்கவில்லை.

சட்டம் ஒன்றே ஒன்று போட்டேன். எந்தக் காரணத்தைக் கொண்டும் கண்ணாடியை இறக்கக் கூடாது. கண்ணாடி மூடியிருந்தால் தூசி வராது; தூசி வராவிட்டால் இளைப்பு வராது; ஆகவே காரில் போனால் இளைப்பு வராது. தேற்றம் நிரூபிக்கப்பட்டது!

முதல் மாசம் பாளையங்கோட்டை போய் வந்தோம். திரும்பி வரும்போது பாதி வழியில் இவள் இருமினாள். ஏ.சி. குளிர் என்றேன். இரண்டாம் மாசம் கார் கிளம்பிக் கால் மணி நேரத்தில் நெஞ்சைப் பிடித்தாள்.

"ஏங்க, கண்ணாடிய கொஞ்சம் எறக்குதீங்களா?"

"வெளியே பாரு, எவ்வளவு புழுதி! ஏ.சி. காத்து சுத்தமான காத்து. ஆழமா இழு."

"ஏதோ ஊசின வாடை அடிக்குங்க."

"அது ரோஜா வாசனை!"

அப்புறம் ஒரு நாள், "பஸ்சே பரவால்லன்னு தோணுது" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. லட்சக்கணக்கில் கொட்டி வாங்கிய காரை விட, ஜன்னல் கண்ணாடி தடதடக்கிற பஸ் உசத்தியா? "உனக்கு மனப்பிரமை. கார்னாலே பயந்து பயந்து நீயா வரவழைச்சுக்கிடுத" என்று சொல்லிவிட்டேன். இவள் பதில் பேசவில்லை. அன்றிலிருந்து காரில் ஏறுமுன் பம்ப்பை இரண்டு தடவை அடித்துக்கொண்டு, மடியில் கையைக் கட்டி, பரீட்சை எழுதப் போகிற பிள்ளை மாதிரி உட்கார்ந்து வர ஆரம்பித்தாள்.

இதற்கிடையில் பாளையங்கோட்டை டாக்டரம்மா ஒரு சின்னக் குழாய் கொடுத்திருந்தார். பீக் ஃப்ளோ மீட்டர் என்று பெயர். மூச்சை முழுக்க இழுத்து, 'பூ' என்று ஒரே மூச்சில் ஊதினால் முள் ஓடிப்போய் ஓர் எண்ணில் நிற்கும். மூன்று தடவை ஊதி, அதில் பெரிய எண்ணை எழுத வேண்டும், காலையும் மாலையும். எண் குறைந்தால் மூச்சுக்குழாய் சுருங்குகிறது என்று அர்த்தம். நமக்கு இளைப்பு தெரிவதற்கு முன்னாலேயே குழாய்க்குத் தெரிந்துவிடும். இவள் பழைய பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வந்தாள். நான் அதை ஒரு நாளும் வாங்கிப் பார்க்கவில்லை. ஊர்ப் பிள்ளைகளின் நோட்டையெல்லாம் முப்பத்து நாலு வருஷம் திருத்தியவன்!

அப்புறம்தான் அந்த ஆடித்தபசு வந்தது.

சங்கரன்கோவிலில் ஆடித்தபசு என்றால் சுற்று வட்டாரமே அங்கேதான். அம்மன் தவமிருந்து சங்கரநாராயணரைக் காண்கிற காட்சியைப் பார்க்க இவளுக்கு வருஷம் தவறாமல் போயாக வேண்டும். கூட்டத்தில் நின்றாள், கும்பிட்டாள், புற்றுமண் வாங்கி முந்தியில் முடிந்துகொண்டாள். அவ்வளவு புழுதியிலும் நன்றாகத்தான் இருந்தாள். ராத்திரி காரில் ஏறினோம். கண்ணாடியை ஏற்றினேன். ஏ.சி.யை முழு வேகத்தில் வைத்தேன்.

ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் போயிருப்போம். பக்கத்தில் விசில் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம். நான் ஏ.சி.யில் இருந்து வருகிறது என்றே நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் இவள் நெஞ்சிலிருந்து வருகிறது. தோள் ரெண்டும் காதுவரை ஏறி இறங்குகின்றன. பம்ப்பை எடுத்தாள், அடித்தாள். இன்னொரு தடவை அடித்தாள். கை தானாகவே கண்ணாடி பட்டனுக்குப் போயிற்று.

"தூசி! தூசி! இறக்காதே!" என்று கத்தினேன்.

"வாய... மூடுங்க."

முப்பத்திரண்டு வருஷத்தில் இவள் என்னிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. ரெண்டு வார்த்தைக்கு நடுவே ஒரு மூச்சு எடுக்க வேண்டியிருந்தது.

வண்டியை ஓரங்கட்டினேன். இறங்கி, பாலத்துக் கட்டைச் சுவரில் உட்கார்ந்து, முழங்காலில் ரெண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள். தூரத்தில் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தன. காற்று பேய் மாதிரி வீசுகிறது, ஊரெல்லாம் காற்று, இவளுக்கு மட்டும் ஒரு வாய் உள்ளே போகவில்லை. பையிலிருந்து அந்த பிளாஸ்டிக் கூண்டை, ஸ்பேசர் என்பார்களே, அதை எடுத்துப் பம்ப்பில் மாட்டிக் கொடுத்தேன். எனக்கு அது எப்படி மாட்டுவது என்று கூடத் தெரியவில்லை, தலைகீழாக மாட்டினேன். இவளே வாங்கிச் சரியாக மாட்டி, ஒவ்வொரு தடவையாக அடித்து இழுத்தாள். பேச முடிகிற அளவுக்கு வந்ததும் வண்டியைத் திருப்பிச் சங்கரன்கோவிலுக்கே போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். கண்ணாடி நான்கும் இறங்கியிருந்தன. நெபுலைசர் புகையை முகமூடி வழியாக இழுத்துக்கொண்டு படுத்திருந்தவள் ஒரு மணி வாக்கில்தான் தூங்கினாள்.

தூங்கியவள் பையில் மாத்திரைச் சீட்டைத் தேடினேன். கைக்கு அகப்பட்டது அந்தப் பால் கணக்கு நோட்டு.

தேதி, காலை, மாலை, என்று மூன்று கட்டம். நாலாவதாகக் குறிப்புக்கு ஒரு கட்டம், இவளாகவே ஸ்கேல் வைத்துப் போட்டது. சாதாரண நாட்களில் 320, 310, 320. குறிப்பு காலி. பாளையங்கோட்டை போன நாள்: மாலை 240. குறிப்பு: 'கார்'. மகள் வீட்டுக்குப் போன நாள்: 230. 'கார்'. கார் சர்வீஸுக்குப் போயிருந்தபோது கோவில்பட்டியில் ஒரு துஷ்டிக்குப் பஸ்ஸில் போய் வந்தோம்: 300. 'பஸ், நல்ல கூட்டம்'. மறுபடி 'கார்': 240. இப்படி நாலு மாசத்துக்கு. எங்கேயும் ஒரு புகார் கிடையாது. வெறும் எண்ணும் வாகனமும். கணக்கு வாத்தியார் பெண்டாட்டி போட்ட கணக்கு; வாத்தியார் மட்டும் பார்க்காத கணக்கு. ஆஸ்பத்திரி ஸ்டூலில் உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்தேன். எப்படிக் கூட்டினாலும் விடை கார்தான்.

மறுநாள் காரை எங்கள் பக்கத்து மெக்கானிக் கடைக்கு ஓட்டினேன். அடியிலிருந்து ஒரு தலை வெளியே வந்தது.

"சார், என்னயத் தெரியுதா? எட்டாங் கிளாசுல நீங்க எனக்கு எட்டு மார்க் போட்டீங்களே."

"நூத்துக்கா?"

"நூத்துக்குத்தான் சார். 'என்ன கிளாசுல படிக்கோம்ங்கிறதாவது ஞாபகம் வச்சிருக்கியேல, அதுக்குத்தான் எட்டு'ன்னு சொல்லித்தான் பேப்பரையே குடுத்தீங்க."

விஷயத்தைச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. கதவைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, முகர்ந்து பார்த்தான். "சார், ஏ.சி. காத்து எங்கேருந்து வருதுன்னு நெனைக்கீங்க?"

"ஏ.சி.க்குள்ளேருந்து."

"தப்பு சார். வெளியேருந்துதான் வருது."

வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் என் பேப்பரைத் திருத்தினான். உண்மைதான். முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் கிடக்கிற இடத்தில், சல்லடை மாதிரி ஒரு திறப்பு இருக்கிறதே, கார் அங்கேதான் மூச்சு இழுக்கிறது. அந்தக் காற்றை ஒரு விசிறி இழுத்து, குளிர்ந்த கம்பிச் சுருளின் மேல் அனுப்பி, நம் மூஞ்சிக்கு நேரே ஊதுகிறது. நடுவில் ஒரு ஃபில்டர் இருந்தால் அது காருக்கு மூக்கு முடி மாதிரி. தூசியையும் மகரந்தத்தையும் பிடித்து நிறுத்தும். இல்லாவிட்டால் வெளியே உள்ள புழுதியை விசிறி போட்டு இழுத்து, குளிரவும் வைத்து, மரியாதையாக ஊட்டிவிடுகிறோம்.

இடப்பக்க சீட்டுக்கு முன்னால் இருக்கும் டப்பாவை ரெண்டு பக்கமும் அமுக்கி இறக்கினான். பின்னால் ஒரு நீள்சதுர மூடி. அதைக் கழற்றிக் கையை விட்டான். வெறும் கை வெளியே வந்தது.

"ஃபில்டர் இல்ல சார்."

"யாரோ திருடிட்டானா?"

"போடவே இல்ல சார். எடம் மட்டும் விட்டிருக்கான். வெல கூடின மாடலுக்குப் போடுவான், கொறஞ்ச மாடலுக்கு மூடிய வச்சு மூடிருவான். பழைய வண்டில இது சகஜம்."

ஆக நான் வாங்கியது மூக்கில்லாத கார். விற்ற புரோக்கர் சீட் கவரைப் பற்றி அரை மணி நேரம் பேசினான். இதைப் பற்றி மூச்சு விடவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்தால்தானே கேட்பேன்?

அடுத்து விசிறியைக் கழற்றினான். அதற்குள் இருந்ததை ஒரு பழைய தினசரியை விரித்துக் கொட்டினான். வேப்பிலைச் சருகு. (நிழல் என்று மரத்தடியில் நிறுத்திய பலன்.) உளுந்துப் பொட்டு. மக்காச்சோளச் சக்கை. மிளகாய் வத்தல் விதை. இதற்கெல்லாம் காரணம் எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அறுவடை ஆனால் தார் ரோடுதான் எங்களுக்குக் களம். கதிரை ரோட்டில் பரப்பிவிட்டால் போகிற வருகிற வண்டியெல்லாம் மிதித்துக் கொடுத்துவிடும். கூலியில்லாத போரடி. அதன் மேல் கார் ஏறும்போது கிளம்புகிற பொட்டு நேரே அந்தச் சல்லடைக்குள்தான் போகிறது.

இதெல்லாம் போகட்டும். கடைசியாக வந்தது ஒரு கூடு. எலிக் கூடு! பஞ்சு, சணல், மல்லிகைச் சர நார் எல்லாம் வைத்து மெத்தென்று கட்டியிருந்தது. எலி காலி செய்துவிட்டது போல. சாமானை மட்டும் விட்டுப் போயிருந்தது. நடுவே பொடிப்பொடியாகக் காகிதம். ஒரு துண்டை எடுத்துப் பார்த்தேன். இன்ஷூரன்ஸ் ரசீது. 'எங்கே கொண்டு வச்சுத் தொலைச்சே?' என்று இரண்டு மாசம் முன்னால் நான் இவளிடம் குதித்தேனே, அதே ரசீது. எலியின் மயிரும் மூத்திரமும் இளைப்புக்காரர்களுக்கு ஆகவே ஆகாத சமாச்சாரம் என்பது பின்னால் டாக்டரம்மா சொல்லித் தெரிந்தது. நான் அதை விசிறியில் போட்டு, 'ஆழமா இழு' என்று வேறு சொல்லியிருக்கிறேன்.

இன்னும் இருக்கிறது. குளிர் சுருளில் எப்போதும் ஈரம் கசியும். அந்தத் தண்ணீர் வெளியேற ஒரு ரப்பர் குழாய். அது சருகு அடைத்துக் கிடந்தது. ஈரமும் இருட்டும் தூசியும் சேர்ந்தால் என்ன விளையும்? பூஞ்சைக் காளான். 'ஊசின வாடை' என்று இவள் சொன்னாளே, அதுதான். என் ரோஜா ஜெல் அதை மறைத்து வைத்துக் காப்பாற்றி வந்திருக்கிறது.

சுருளைக் கழுவி, குழாயைக் குத்தி, விசிறியைத் துடைத்து, புது ஃபில்டர் வாங்கி மாட்டினான். சில நூறு ரூபாய்தான் சார். மடிப்பு மடிப்பாகப் பள்ளிக்கூடப் பெண் பாவாடை மாதிரி இருக்கிறது. ஓரத்தில் ஒரு அம்புக்குறி. காற்று போகிற திசைக்கு அம்பு பார்க்க வேண்டும். சாதா ஃபில்டர் வெள்ளை. கரி பூசியது கறுப்பு. கரி இருந்தால் லாரிப் புகையின் வாடை கொஞ்சம் மட்டுப்படும். ஆனால் கார்பன் மோனாக்ஸைடு மாதிரி விஷவாயுவை அதுவும் பிடிக்காது.

இதற்குப் பிறகு எனக்கு ஃபில்டர் பைத்தியம் பிடித்துவிட்டது. கையில் அகப்பட்டதையெல்லாம் படித்தேன். கார்களுக்கு இந்த ஃபில்டர் போடும் வழக்கம் 1980களின் கடைசியில் ஜெர்மனியில் விலை உயர்ந்த கார்களில் ஆரம்பித்ததாம். ஹெப்பா என்று ஒரு ராஜ ரகம் இருக்கிறது. 1940களில் அமெரிக்காக்காரன் அணுகுண்டு செய்தபோது கதிரியக்கத் தூசியைப் பிடிப்பதற்காக அந்த ரகம் உருவானது. 2015-ல் டெஸ்லா கம்பெனி வெளியிட்ட காரில் அந்த ரகத்தில் பெரிய ஃபில்டர் போட்டு, 'உயிரி ஆயுதத் தற்காப்பு' என்று பட்டனே வைத்துவிட்டார்கள். எங்களுக்கு உளுந்துப் பொட்டுத் தற்காப்பே போதும்.

ஹெப்பாவில் எனக்கு ரொம்பப் பிடித்த கணக்கு ஒன்று உண்டு. 0.3 மைக்ரான் பருமனுள்ள துகளில் 100க்கு 99.97 பங்கைப் பிடித்தால்தான் அது ஹெப்பா. ஏன் 0.3? அதை விடச் சின்னது இன்னும் சுலபமாக நழுவிவிடாதா? நழுவாது! அது சல்லடை அல்ல, நூல் காடு. பள்ளிக்கூட வராந்தாவை நினைத்துக்கொள்ளுங்கள். குண்டுப் பையன் வேகமாக வந்து, திரும்ப முடியாமல் தூணில் முட்டிக்கொள்வான். ரொம்பப் பொடியன் ஓரிடத்தில் நில்லாமல் அங்குமிங்கும் குதித்துக் குதித்து ஏதாவது ஒரு வாத்தியார் கையில் அகப்படுவான். நடுத்தரமாக, ஒழுங்காக நடந்து போகிறானே, அவன்தான் யார் கண்ணிலும் படாமல் கேட்டைத் தாண்டிவிடுவான். அந்த அமுக்கன்தான் 0.3. அவனைப் பிடித்துவிட்டால் மற்றவர்களைப் பற்றிக் கவலையில்லை. மகரந்தம் பெரும்பாலும் இருபது முப்பது மைக்ரான் இருக்கும். எங்கள் பக்கத்துச் சீமைக் கருவேலமும் பார்த்தீனியமும் தூவுவதை நிறுத்தச் சாதா ஃபில்டரே தாராளம். டீசல் புகைத் துகள்தான் அதற்குத் தண்ணி காட்டும்.

புது ஃபில்டர் போட்டு ரெண்டு தடவை பாளையங்கோட்டை போய் வந்தோம். மாலையில் நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். 300. அடுத்தது 310. நூற்றுக்கு நூறு வாங்கிய பையன் மாதிரி வராந்தாவில் நடந்தேன்.

இங்கேதான் என் புத்தி மறுபடி வேலை செய்தது. நாலு மாசத்தில் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தேன். பழுப்பேறிக் கிடந்தது. சட்டை அழுக்கானால் புதுச் சட்டையா வாங்குகிறோம்? துவைக்கிறோம். ஆகவே ஃபில்டரைச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, அலசி, கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டேன். "ஏங்க, அது துவைக்கிற சாமானா?" என்றாள் இவள். "காகிதம் மாதிரிதான் இருக்கு, ஆனா துணி" என்று பொருளியல் விளக்கம் கொடுத்தேன். காய்ந்ததும் பளபளவென்று மாட்டினேன். அந்த வாரப் பயணத்தில் நோட்டு: 260. குறிப்புக் கட்டத்தில், 'கார் (துவைச்சது)'.

கடைசிப் பெஞ்சுக்காரனிடம் போனேன். தலையில் கை வைத்துக்கொண்டான். அந்த இழைகளில் லேசாக மின்னூட்டம் ஏற்றியிருக்கிறார்களாம். சீப்பை எண்ணெயில்லாத தலையில் வாரிவிட்டுக் காகிதத் துண்டுக்குப் பக்கத்தில் காட்டினால் ஒட்டிக்கொள்ளுமே, அந்த மாதிரி. தூசி அதில்தான் ஒட்டுகிறது. சோப்புத் தண்ணீர் பட்டால் அந்த சக்தி போய்விடும். கம்ப்ரஸர் காற்றடித்துத் தருகிறேன் என்று சில கடைகளில் சொல்வார்கள். அதில் இழையே கிழியும். "வருஷத்துக்கு ஒண்ணுன்னு புஸ்தகத்துல போட்டிருப்பான் சார். நம்ம ஊர்ப் புழுதிக்கு அதுக்கு முன்னாலேயே மாத்திரணும். மிச்சம் புடிக்காதீங்க." சரி என்றேன். மாணவன் சொல்லை வாத்தியார் நோட்டில் எழுதிக்கொண்டார்.

அடுத்த தடவை டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். பொறுமையாகக் கேட்டவர், "காருக்குள்ளே வாசனை ஏதாவது வைப்பீங்களா?" என்றார். ரோஜா ஜெல் என்றேன். புருவம் ஏறியது. மல்லிகை என்றேன். இன்னும் ஏறியது. சாம்பிராணி என்றபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"சார், உங்க ஃபில்டர் வெளியேருந்து வர்றதைத்தான் நிறுத்தும். உள்ளேயே நீங்க புகை போட்டா அது என்ன செய்யும்?"

அத்தோடு விடவில்லை. ஃபில்டர் மருந்தாகாது என்றார். இவள் இத்தனை வருஷமாக இளைப்பு வரும்போது மட்டும் நீலப் பம்ப்பை அடித்து ஓட்டிக்கொண்டிருந்தது அவருக்கு அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. முன்னாலேயே ஒரு தடுப்புப் பம்ப் எழுதிக் கொடுத்திருந்தார். 'பழகிரும்' என்று ஊர் சொன்னதைக் கேட்டு இவள் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தாள். மூச்சுக்குழாயின் வீக்கத்தைக் குறைப்பது அந்தத் தடுப்பு மருந்துதான். நீலம் அப்போதைக்குத் திறந்துவிடும், அவ்வளவுதான். 2019-லிருந்து உலக ஆஸ்துமா வழிகாட்டியான ஜீனாவே, பெரியவர்களுக்கு நீலப் பம்ப்பை மட்டும் தனியாகக் கொடுத்து வைத்தியம் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டதாம். இவள் தலையைக் குனிந்துகொண்டாள். நானும் குனிந்துகொண்டேன். சாம்பிராணிக்காரனும் பீரோக்காரியும் ஒரே பெஞ்சில்.

இப்போது எங்கள் காரில் வாசனை கிடையாது. பிள்ளையார் மட்டும் இருக்கிறார். அவருக்குப் பெரிய மூக்கு, தாங்கிக்கொள்வார். மரத்தடியில் நிறுத்துவதில்லை. வீடு வந்து சேரக் கொஞ்ச தூரம் இருக்கும்போதே ஏ.சி.யை அணைத்துவிட்டு விசிறியை மட்டும் ஓடவிடுகிறேன், சுருள் ஈரம் காய. எலிக்குப் பயந்து டப்பாவில் வேர்க்கடலை வைப்பதையும் நிறுத்தியாயிற்று. (எலி எங்கிருந்து வந்தது என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.) நோட்டு தொடர்கிறது. கடைசிப் பக்கத்தில் ஃபில்டர் மாற்றிய தேதிகள் இவள் கையெழுத்தில் இருக்கின்றன; என்னை நம்பி விடவில்லை.

ஒரு பட்டன் உண்டு. வளைந்த அம்புக்குறி போட்டது. அதை அமுக்கினால் கார் வெளிக்காற்றை நிறுத்திவிட்டு உள்காற்றையே சுற்றவிடும். புழுதியோ லாரிப் புகையோ வந்தால் அமுக்கலாம். ஆனால் அப்படியே மறந்து விட்டுவிட்டால் நாம் விட்ட மூச்சையே நாம் இழுத்து, கரியமில வாயு ஏறி, டிரைவருக்குத் தூக்கம் சொக்கும். முன்பெல்லாம் நான் அதை வருஷம் பூரா அமுக்கியே வைத்திருந்தேன், ஏ.சி. சீக்கிரம் குளிரும் என்று.

போன மாசம் பாளையங்கோட்டையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். வழியில் ரோடு நிறைய உளுந்துச் செடி பரப்பியிருந்தார்கள். முன்னால் ஒரு மினி பஸ் அதன் மேல் ஏறியதும் பொட்டு மேகம் மாதிரி எழும்பிற்று. நான் வாயைத் திறக்கும் முன்னாலேயே இவள் கை நீண்டு அந்தப் பட்டனை அமுக்கிவிட்டது. பார்வை ஜன்னலுக்கு வெளியே இருந்தது. களத்தைத் தாண்டினோம். மினி பஸ் ஒதுங்கிற்று. மறுபடி கை நீண்டு பட்டனைத் திருப்பி அமுக்கியது.

நான் இவளையே பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க வாத்தியாரே" என்றாள். நடுவில் மூச்சு எடுக்காமல்.